தம்பியின் ரீமிக்ஸைக் கேட்டுச் சொல்லுங்களேன்

வணக்கம், பினாங்கிலிருந்து எழுதுகிறேன். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீடியோ கேமில் தண்ணீருக்கடியில் நீந்தும் கட்டத்தின் இசையை என் தம்பி உறுமி மேளத்தோடு ரீமிக்ஸ் செய்திருக்கிறான். தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு நடக்கும்போது கேட்போமே, அதே உறுமி. கேட்டதும் உடம்பு சிலிர்த்தது.

ஆனால் மூல இசை மூன்று மூன்றாக எண்ணும் வால்ட்ஸ். இவன் நான்காக மாற்றிவிட்டான். அந்த மிதப்பு போய்விட்டதோ? அப்புறம், உறுமியின் தோலில் வளைந்த குச்சி தேயும்போது வரும் முனகல், பாஸை, அதாவது பாட்டின் அடித்தாழ்ந்த ஒலியை, அப்படியே மூடிவிடுகிறது. அந்தப் பழைய கேம் மெஷினில் பாஸுக்கென்று இருந்தது முக்கோண அலை என்ற ஒரு மென்மையான மின்னணு ஒலிதான். அதைத் தொலைக்க எனக்கு மனமில்லை.

மிக்ஸிங் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் யாராவது ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டு, எங்கே குறைக்கலாம் என்று சொல்லுங்கள். தாளத்தை மூன்றுக்கே திருப்பச் சொல்லவா?