டீக்கு அழைத்தால் சாப்பாடா?

கேள்வி:
வட இங்கிலாந்தில் இருக்கும் லீட்ஸ் நகருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி சாயங்காலம் அஞ்சரைக்கு டீ சாப்பிட வரச் சொன்னார். நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். மேசையில் பார்த்தால் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பை (pie), உருளைக்கிழங்கு, பட்டாணி, கிரேவி! பாதிகூட இறங்கவில்லை. அவர் முகம் வாடியது இன்னும் மனதை உறுத்துகிறது. ஆபீஸிலோ ராத்திரிச் சாப்பாட்டை டின்னர் என்கிறார்கள். எதுதான் சரி?

பதில் 1:
இரண்டுமே சரிதான். வட இங்கிலாந்துத் தொழிலாளர் குடும்பங்களில் மத்தியானச் சாப்பாடு டின்னர். வேலை முடிந்து வந்து சாப்பிடுவது டீ. பள்ளியில் மதியம் பரிமாறும் பெண்மணியை இன்றும் டின்னர் லேடி என்றுதான் சொல்வார்கள். நடுத்தர வர்க்கத்துக்கு மத்தியானம் லஞ்ச், ராத்திரி டின்னர். வீட்டோடு எளிமையாகச் சாப்பிடுவதைச் சப்பர் என்றால், அது கொஞ்சம் மேல்தட்டுப் பேச்சு.

பதில் 2:
பேசும் சொல்லிலேயே வர்க்கம் தெரிந்துவிடுவதைப் பற்றி பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் ராஸ் 1954-இல் ஒரு கட்டுரையே எழுதினார். சாப்பிடும்போது வாய் துடைக்கும் துணிக்கு மேல்தட்டில் நாப்கின் என்று பெயர், மற்றவர்களிடம் செர்வியட். நாசூக்கு என்று நினைத்துச் சொல்லும் சொல்லே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சொல்லை வைத்து மனிதரை எடைபோடுவது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. அப்புறம், பாட்டியிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
சொல்லிவிட்டேன்! கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சனிக்கிழமை என் வீட்டில் அவருக்கு டீ, முழுச் சாப்பாட்டோடு.