எட்டுப் போட்ட அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

திருச்சி அக்கா

ஓட்டுநர் உரிமத் தேர்வில் காலை ஊன்றாமல் 8 வடிவத்தில் இரு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டும் களம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கியர் வண்டி ஓட்டித்தான் உரிமம் எடுப்பேன் என்று வீட்டில் சண்டை போட்டு, பள்ளி மைதானத்தில் தம்பி சுண்ணாம்புத் தூளால் வரைந்து கொடுத்த எட்டில் விடியற்காலை முழுவதும் சுற்றிச் சுற்றிப் பழகினேன். தேர்வு நாளன்று வரிசையில் இருந்த ஒரே பெண் நான்தான். என் முறை வந்தது. முதல் வட்டம் முடிந்து, இரண்டு வட்டங்களும் சேரும் இடத்தில் வண்டியை மறுபக்கம் சாய்க்க வேண்டும் அல்லவா, அங்கே கிளட்ச் பாதிப் பிடியில் நின்றது, எஞ்சின் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை, சக்கரம் கோட்டை ஒட்டியே உருண்டது. மைதானத்தில்கூட அவ்வளவு சுத்தமாக நான் போட்டதில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், தேர்வு எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து யாருடைய விண்ணப்பத்திலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே "அடுத்த ஆள்" என்றார்.

உரிமம் தபாலில் வந்துவிட்டது. ஆனாலும் அந்த எட்டை யாருமே பார்க்கவில்லையே என்று இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

மதுரைக்காரன்

அக்கா, பார்க்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். என்னை ஒருவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். இரண்டாவது வட்டத்தின் கடைசித் திருப்பத்தில் என் செருப்பின் நுனி மண்ணை உரசியது. காலை ஊன்றவே இல்லை, உரசல் மட்டும்தான். "கால்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார், படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னால் நின்ற கூட்டத்தில் ஒருவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. தோற்றால் 7 நாள் கழித்துத்தான் மறுபடி வர முடியும் என்று சட்டம். அந்த ஒரு வாரமும் தெருவில் எதிர்ப்பட்ட சித்தப்பா, மாமா எல்லோருக்கும் செருப்பு நுனியைப் பற்றி விளக்கம் சொன்னதுதான் மிச்சம். அடுத்த முறை ஷூ போட்டுக்கொண்டு போனேன்.

சேலம் புல்லட்

அப்பாவின் பழைய புல்லட்டில் பழகியவன் நான். தெரிந்தவர்களுக்குத் தெரியும்: அதில் வலது கால் பக்கம் கியர், இடது கால் பக்கம் பிரேக். கியரும் முதலாவது மேலே, மற்றவை கீழே. தேர்வுக்கு அந்த வண்டி வேண்டாம், கனம் அதிகம் என்று நண்பன் தன் ஸ்பிளெண்டரைக் கொடுத்தான். எட்டு ஒழுங்காக வந்தது. பிறகு "சாலையில் ஒரு சுற்று போய்விட்டு வந்து என் பக்கத்தில் நிறுத்து" என்றார் அதிகாரி. வந்தேன். அவர் அருகே வந்ததும் இடது கால் தானாகவே அழுத்தியது. ஸ்பிளெண்டரில் அந்தப் பக்கம்தான் கியர், முன்னால் மிதித்தால் அடுத்த கியர்! நிற்க வேண்டிய வண்டி அவரைத் தாண்டிப் போனது. அவர் துள்ளி விலகியதில் பேனா எங்கோ பறந்தது, கோப்பு மட்டும் நெஞ்சோடு அணைத்தபடி இருந்தது. முன் பிரேக்கைப் பிடித்து நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது அவர் புழுதியில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். நானும் போய்ச் சேர்ந்து தேடினேன். பேனா கிடைத்தது, உரிமம் அன்று கிடைக்கவில்லை.

கோவை ஓய்வூதியர்

என் கதை பெரிதாக ஒன்றுமில்லை. நான் போட்ட காலத்தில் களத்தின் நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது, அதைச் சுற்றித்தான் போட்டேன், தேர்ச்சி.

ஆனால் இங்கே எழுதியவர்கள் யாரும் அடிப்படையைச் சொல்லவில்லை. கைப்பிடி திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது, வண்டி சட்டென்று உட்பக்கம் சாய்ந்துவிடும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்து ஒரே அளவில் வைத்துக்கொண்டு, வேகத்தைக் கிளட்சாலும் பின் பிரேக்காலும் மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, அடுத்துப் போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும். சங்கிலி தளர்ந்திருந்தால் மெதுவாகப் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கும், முந்தைய நாளே சரிபார்க்கவும். எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், எடுத்த நாளிலிருந்து 30 நாள் முடிந்த பிறகே தேர்வுக்குப் போக முடியும், எல்எல்ஆர் செல்லுபடியாவது 6 மாதம். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' முன்னும் பின்னும் இருக்க வேண்டும். பழகும்போது பின்னால் உட்காருபவர் உரிமம் வைத்திருக்கும், கற்றுக்கொடுக்கும் ஆளாக இருக்க வேண்டும், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. 40 வயது தாண்டியவர்கள் படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழையும் மறக்க வேண்டாம். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாமல் வருபவர்களைக் களத்திலேயே பார்த்திருக்கிறேன். அப்படிப் போடுவதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

தாம்பரம் தினப்பயணி

ஐயா சொல்வதில் பாதிதான் சரி. பின் பிரேக் மட்டும் என்பது அந்தக் களத்துக்குத்தான் பொருந்தும். அதையே பழகிக்கொண்டு நான் சாலைக்கு வந்தேன். ஜிஎஸ்டி சாலையில் முன்னால் போன ஷேர் ஆட்டோ கைகாட்டிய ஒருவருக்காக நின்ற இடத்திலேயே நின்றது. நான் பழக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டியின் வால் இடதுபக்கம் தள்ளிக்கொண்டு போனது. ஆட்டோவின் பின்சீட்டில் இருந்த பாட்டி மடியில் வைத்திருந்த பூக்கூடையை இரண்டு கையாலும் மூடினார். அவருடைய முழங்காலுக்கும் என் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. திட்டவில்லை. "மெதுவா வாப்பா" என்று மட்டும் சொன்னார்.

பிரேக் பிடித்ததும் எடை முன்னால் போகிறது, பின்சக்கரம் லேசாகிறது. நேராகப் போகும்போது வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். இதை எந்தக் களத்திலும் யாரும் கேட்கவில்லை. எட்டு மட்டும் கேட்டார்கள். தினமும் போய் வருகிறேன், சாலையில் இதுவரை ஒரு இடத்திலும் எட்டுப் போட நேரவில்லை.

மதுரைக்காரன்

யூ டர்ன் எடுப்பதே இல்லையா நண்பரே? அது பாதி எட்டு.

கிள்ளான் தம்பி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே குறுகலான மேடை ஒன்று உண்டு, 'தீத்தி' என்போம். அதன்மேல் ஓட்டிக் கடக்க வேண்டும், சக்கரம் நழுவினால் தோல்வி. முந்தைய இரவு மழை, மேடை ஈரம். எனக்கு முன்னால் போனவர் நடுவில் நழுவி விழுந்தார். எழுந்து வந்து என்னிடம், "வழுக்கவில்லை, பயப்படாதே" என்றார். முழங்கையில் இரத்தம். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இப்போதும் யோசிப்பேன். நான் கடந்துவிட்டேன், புதிதாக உரிமம் எடுத்தவர் என்று காட்டும் 'பி' வில்லையை ஒட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன். அவரை மறுபடி பார்க்கவில்லை.

சேலம் புல்லட்

தம்பி, அவர் நல்ல மனிதர்.

கோவை ஐயாவுக்கு ஒரு வார்த்தை: திருச்சி அக்கா ஏற்கெனவே உரிமம் வாங்கிவிட்டார். அவருக்குப் படிவம் எதற்கு?

கோவை ஓய்வூதியர்

வாங்கிவிட்டால் முடிந்ததா? புதுப்பிக்க வேண்டாமா? 30 வயதுக்குள் எடுத்தவர்களுக்கு 40 வயது வரை செல்லும். 30க்கு மேல் 50க்குள் எடுத்திருந்தால் 10 வருடம்தான். அக்கா முதலில் அட்டையை எடுத்துத் தேதியைப் பார்க்கட்டும். முகவரி மாறியிருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம், அதை நாளை எழுதுகிறேன்.