மே மாசத்து ஆத்துல பிரேதம் மிதந்து வருமா? – த்ரில்லர் ஸ்க்ரிப்ட் சந்தேகம்

வண்ணாரப்பேட்டைவாசி:
நெல்லையில நடக்க த்ரில்லர். அம்பாசமுத்திரத்துல ஒருத்தனை ஆத்துல தள்ளிவிடுதாவ. மறுநாள் சாயங்காலம் கொக்கிரகுளம் பாலத்துப் பக்கம் பிரேதம் ஒதுங்குது. மே மாசம். அன்னைக்கு ராத்திரியே போஸ்ட்மார்ட்டம், விடியக்குள்ள 302-ல கைது. இது நிக்குமா? இன்னொண்ணு, வேலைக்குப் போக மிச்சம் ஒரு மணி நேரந்தான். அதுவும் தகவல் தேடுததுலயே போயிருது. வழி சொல்லுங்க அண்ணாச்சிமாரே.

ஆத்தங்கரை:
நிக்காது. தாமிரவருணியில மொத்தம் 8 அணைக்கட்டு. நீங்க சொல்லுத தூரத்துக்குள்ளயே அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லின்னு வரிசையா குறுக்க கெடக்கு. மே மாசத்துல பாறைக்கும் அமலைச் செடிக்கும் நடுவுல மாட்டிக்கிடுமே தவிர டவுனு வரைக்கும் வராது. அதோட பிரேதம் முதல்ல முங்கும். உள்ள வாயு சேந்து ஊதுன பொறவுதான் மேல வரும். நம்ம வெயிலுக்கே அதுக்கு சுமார் ஒரு நாள் ஆகும்.

கொக்கிரகுளந்தான் வேணும்னா கதையை நவம்பர், டிசம்பர் வெள்ளத்துக்குக் கொண்டு போங்க. குறுக்குத்துறை முருகன் கோயிலே முங்குத தண்ணியில அணைக்கட்டு தடுக்காது. மே மாசமே வேணும்னா தள்ளுத இடத்தைச் சுத்தமல்லிக்குப் பக்கத்துல கொண்டாங்க.

மகஜர்:
போலீஸ் பக்கம் மூன்று இடத்தில் உதைக்கிறது.

இரவில் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, அழுகிய உடல், சந்தேக மரணம் அதில் சேராது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் விலக்கு. ஆகவே உடல் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி சவக்கிடங்கில் விடியும்வரை கிடக்கும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். கொலையாளிக்குச் சும்மா ஒரு ராத்திரி கிடைக்கிறது, அதைத் திரைக்கதை ஆக்குங்கள்.

முதல் தகவல் அறிக்கையும் எடுத்த எடுப்பில் கொலை என்று வராது. சந்தேக மரணமாகப் பதிந்து (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 194), பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தபின் பிரிவை மாற்றுவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 302 கிடையாது, அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 103. கதை எந்த வருஷம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நீரில் மூழ்கி இறந்தவர் மூக்கிலும் வாயிலும் வெள்ளை நுரை தெரியும். துடைத்துவிட்டு நெஞ்சை அமுக்கினால் மறுபடி வரும். உடல் ஊதி மிதக்கும் கட்டத்தில் அது அநேகமாகப் போயிருக்கும். நுரையை வைத்து டாக்டர் உண்மையைக் கண்டுபிடிக்கும் காட்சி வேண்டுமென்றால் சில மணி நேரத்துக்குள் உடலை எடுத்தாக வேண்டும்.

எல்லையும் கவனம்: கொக்கிரகுளம் மாநகரக் கமிஷனருக்குக் கீழ், அம்பாசமுத்திரம் மாவட்ட எஸ்.பி.க்குக் கீழ். இரண்டு இன்ஸ்பெக்டர்கள் வந்துவிடுவார்கள்.

சீன்ஆர்டர்:
நேரத்துக்கு வாரேன். தகவல் தேடுததுங்கது பாதி நேரம் எழுதாம இருக்கதுக்கு நாமளே சொல்லிக்கிடுத சாக்கு. 60 நிமிஷத்துல முதல் 45 எழுத்து மட்டும், நெட்டை அணைச்சிட்டு. தெரியாத இடத்துல ‘கேகே’ன்னு போட்டுட்டுத் தாண்டிருங்க. எந்தத் தமிழ் வார்த்தையும் அப்படி ஆரம்பிக்காது, பொறவு தேடி எடுக்கது லேசு. கடைசி 15 நிமிஷம் அன்னைக்கு விழுந்த ‘கேகே’க்கு மட்டும்.

ஒன்லைன் (சீனுக்கு ஒரு வரின்னு முழுக் கதை) முடிக்காம சீனுக்குள்ள இறங்கக் கூடாது. 65 சீன்னு வைங்க, ரெண்டு நாளைக்கு ஒண்ணு, ஞாயித்துக்கிழமை லீவு: வாரம் 3, சுமாரா 22 வாரத்துல முதல் டிராஃப்ட். முக்காவாசிப் பேர் கவுத்துக்கிடுதது முதல் பத்து சீனைத் திரும்பத் திரும்பத் திருத்தியே. இன்டர்வெல் பிளாக்கை முதல்ல எழுதிருங்க, ஆரம்பம் தானா ஒழுங்காகும்.

தகவலுக்கு ஈகோர்ட்ஸ் தளத்துல செஷன்ஸ் கோர்ட் கொலைத் தீர்ப்பு அஞ்சு போதும். விடுதலையான கேசாப் பாத்து எடுங்க. மகஜர்ல (போலீஸ் சம்பவ இடத்துல எழுதுத பத்திரம்) கையெழுத்துப் போட்ட சாட்சி எப்படிப் பிறழுதான், எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குப் போக ஏன் லேட்டாச்சு, எல்லாம் அதுல வரிவரியா இருக்கும். ஆட்களோட பேரை மட்டும் அப்படியே எடுத்து வச்சிராதீய.

வண்ணாரப்பேட்டைவாசி:
அப்ப சுத்தமல்லி, மே மாசம், சாயங்காலம். ராத்திரி முழுக்க சவக்கிடங்கு. கொலைகாரன் காரையார்ல போய் ஒளியலாமா?

ஆத்தங்கரை:
அது புலிகள் காப்பகம்லா. பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டாம கார் போகாது, அங்க வண்டி நம்பரை எழுதிருவாவ. அவனை மாட்ட வைக்கணும்னா அனுப்புங்க.