கழித்துக்கட்டிய போர் விமானங்கள்: உங்கள் கண்ணில் பட்டது என்ன?

கோணல் ரிவெட்:
டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்தில் நிற்கும் லிபரேட்டர், அதாவது இரண்டாம் உலகப் போர் கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் போனது 2003-ல். பக்கத்தில் ஒரு பெரியவர். பெயர்ப்பலகையைப் படிக்கவில்லை, எஞ்சினையும் பார்க்கவில்லை. குனிந்து, உடற்பகுதியில் ஓர் இடத்தை விரல் நீட்டிக் காட்டி, "இந்த ரிவெட் வரிசையைப் பாருங்க தம்பி, கோணலா போகுது. இது அமெரிக்காக்காரன் அடிச்சதில்ல" என்றார். ரிவெட் என்றால் தகடுகளை இணைக்கும் ஆணி. மற்ற வரிசைகள் நூல் பிடித்த மாதிரி இருக்க, அது மட்டும் லேசாக நெளிந்து ஓடியது. போருக்குப் பிறகு கான்பூரில் குப்பையாகக் கிடந்த லிபரேட்டர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை எச்ஏஎல் என்ற பெங்களூர் விமானத் தொழிற்சாலை மீட்டது, அதன் விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை பெங்களூருக்கு ஓட்டிப் போனார் என்றெல்லாம் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்த ஒரு சாண் கோணலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வெள்ளைக்காரன் வேண்டுமென்றே உடைத்துப் போட்டுவிட்டுப் போன விமானம், 1968 கடைசி வரை பறந்திருக்கிறது!

தகரப்பெட்டி:
வில்லன் கதையாக்க வேண்டாம். லெண்ட்-லீஸ் என்ற போர்க்கால உதவித் திட்டத்தில் பிரிட்டனுக்கு வந்த அமெரிக்கச் சரக்கு அது. போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும், அல்லது யாருக்கும் உதவாமல் செய்துவிட வேண்டும். ஒப்பந்தம் அப்படி, வன்மம் ஒன்றுமில்லை.

சரி, என் கதை. தாத்தாவின் அலுமினியப் பெட்டி ஒன்று, விமானத் தகடு என்று சொல்லிக்கொண்டே இருப்பார், யாரும் நம்பியதில்லை. அவர் போன பிறகு மூடியின் உட்புறம் பெயின்டைச் சுரண்டினேன். அடியில் மஞ்சள்பச்சைப் பூச்சு. அதற்கும் அடியில் மங்கலாக "ஆல்க்லாட் 24எஸ்-டி", அந்தக் கால விமான அலுமினியத் தகட்டின் முத்திரை. கை நடுங்கிவிட்டது. இன்னும் எழுத்து இருக்குமோ என்று உப்புத்தாளால் தேய்த்தேன். இருந்த எழுத்தும் போய்விட்டது. இப்போது அது வெறும் பளபளப்பான தகடு, நான் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

ராத்திரி முள்:
அந்த மஞ்சள்பச்சை, தகடு அரிக்காமலிருக்க அடிக்கும் ஜிங்க் குரோமேட், புற்றுநோய் வரவழைக்கும். உப்புத்தாளால் தேய்த்தீர்களா? அந்தத் தூசி உள்ளே போகக் கூடாது ஐயா! இனிமேல் யாராவது செய்தால் நனைத்துச் செய்யுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

என்னிடம் ஒரு பழைய விமான உயரமானி இருக்கிறது. முள் ஒளிராது, அதனால் ஆபத்தில்லை என்று பல வருடம் மேசை மேலேயே வைத்திருந்தேன். நண்பன் கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியைப் பக்கத்தில் கொண்டுவந்ததும் அது பொரிந்து தள்ளியது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் கேளுங்கள். இந்த மாதிரி முள்ளில் இருப்பது ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு. ஒளிர்வது ரேடியம் அல்ல, கூடக் கலந்த ஜிங்க் சல்ஃபைட். அது சில வருடங்களில் செத்துவிடும். ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1600 வருடம். ஆகவே இருட்டில் வைத்துச் சோதிப்பதில் அர்த்தமில்லை. கண்ணாடியைத் திறக்காதீர்கள், பூச்சு உதிர்ந்து மூச்சில் போனால்தான் பெரிய வினை. காற்றோட்டமில்லாத அலமாரியில் பூட்டினால், ரேடியத்திலிருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயு சேரும். படுக்கையறை கூடவே கூடாது. குழந்தை கையில்... சொல்லவே வேண்டாம்.

தகரப்பெட்டி:
நான் கேட்டது ஆறுதல், நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள். ரிவெட் அண்ணே, அந்தப் பெரியவர் எச்ஏஎல்லில் இருந்தவரா? படம் இருக்கிறதா?

கோணல் ரிவெட்:
கேட்கத் தோன்றவில்லை, அதுதான் இன்னும் அரிக்கிறது. படம் எடுத்தேன். அவர் விரல் தெளிவாக விழுந்திருக்கிறது, ரிவெட்டெல்லாம் கலங்கல்.