மழையிலும் வெயிலிலும் பிடிப்புள்ள கார் டயர்: எதை வைத்து முடிவு செய்வது?

வழிப்போக்கன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது முன்சக்கர இயக்கம் கொண்ட நடுத்தர அளவுக் கார். அதன் டயர் அளவு 195/65 ஆர்15 91எச் (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு, ரிம் 15 அங்குலம்). முன்டயர்கள் இரண்டிலும் காடி (டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளக்கோடு) ஆழம் 2.5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டது, பின்டயர்களில் இன்னும் 5 மி.மீ. இருக்கிறது. நான் பெரும்பாலும் உலர்ந்த நெடுஞ்சாலையில்தான் ஓட்டுகிறேன் என்றாலும், மழை பெய்தால் அது சாலையில் தண்ணீர் தேங்கும் அளவுக்குக் கொட்டுகிறது. அண்மையில் அப்படிப்பட்ட ஒரு மழையில் ஸ்டீயரிங் ஒரு கணம் கனமே இல்லாமல் இலேசாகிப் போனதிலிருந்து டயர் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றிவிட்டது.

கடைக்காரர் வி வடிவக் காடிகள் கொண்ட டயரைப் பரிந்துரைக்கிறார். அதையும் 205/65 ஆர்15 அளவில், அதாவது இப்போதுள்ள ரிம்மிலேயே சற்று அகலமாகப் போட்டுக்கொண்டால் பிடிப்பு கூடும் என்கிறார். நண்பர் ஒருவரோ தேய்மான எண் எதில் அதிகமோ அதையே வாங்கச் சொல்கிறார். ஈரத்திலும் உலர்விலும் ஒருசேர நன்றாகப் பிடிக்கும் டயர் என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் அதை எப்படி அடையாளம் காண்பது? முன்டயர்களை மட்டும் மாற்றினால் போதுமா என்பதையும் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

அச்சாணி

வணக்கம். காடியின் வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது, ரப்பர் கலவை தெரிவதில்லை. அதனால்தான் விற்பவரும் வாங்குபவரும் வடிவத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் தேங்காமல் மேற்பரப்பு மட்டும் நனைந்திருக்கும் சாலையில் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதில் கலவைக்கே பெரும்பங்கு உண்டு. உலர்ந்த சாலையில் ரப்பர் கல்லோடு நேரடியாக ஒட்டிக்கொள்வதால் ஒரு பகுதிப் பிடிப்பு கிடைக்கிறது. இன்னொரு பகுதி, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் அமுங்கி மீளும்போது ஆற்றலை வெப்பமாக இழப்பதால் கிடைக்கிறது. நீர்ப்படலம் முதலாவதைப் பெருமளவு கெடுத்துவிடுவதால், ஈரத்தில் நாம் பெரும்பாலும் இரண்டாவதை நம்பியே ஓட்டுகிறோம். தேய்மானத்தை மட்டும் கருதிக் கடினமாக்கப்பட்ட கலவை இங்கேதான் கைவிடும். தேய்ந்து இறுகிப்போன ரப்பர் செருப்பு ஈரத்தரையில் வழுக்குவதை நினைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் நெடுங்காலம் இருந்தது. ரப்பர் அதிக ஆற்றலை இழந்தால் பிடிப்பு கூடும். ஆனால் உருளும்போதும் அதே இழப்பு நேர்வதால் எரிபொருள் வீணாகும். 1990களின் தொடக்கத்தில் மிஷ்லின் நிறுவனம் ரப்பரில் வழக்கமாகச் சேர்க்கும் கரித்தூளான கார்பன் பிளாக்கின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்த டயர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது இந்த முடிச்சு பெருமளவு அவிழ்ந்தது. உருளும்போது ஏற்படும் மெதுவான நெளிவில் இழப்பு குறைவாகவும், வழுக்கத் தொடங்கும்போது ஏற்படும் மிக வேகமான அதிர்வில் இழப்பு மிகுதியாகவும் இருக்குமாறு கலவையை அமைக்க முடிந்தது. இன்று தரமான கார் டயர்களில் சிலிக்கா வழக்கமான பொருளாகிவிட்டதால், அந்தச் சொல்லை மட்டும் விளம்பரத்தில் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

தண்ணீர் தேங்கிய சாலை வேறு கணக்கு. சாலையில் 2 மி.மீ. தண்ணீர் நிற்கிறது, நீங்கள் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 195 மி.மீ. அகலமுள்ள ஒரு டயர் ஒவ்வொரு நொடியும் எட்டரை லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைத் தன் வழியிலிருந்து அகற்றியாக வேண்டும். அதற்கு இடம் தருபவை காடிகள் மட்டுமே. இடம் போதாதபோது தண்ணீர் டயரைத் தூக்கிவிடுகிறது. உங்கள் ஸ்டீயரிங் இலேசாகிப் போனது அதனால்தான். புதிய டயரில் ஏறத்தாழ 8 மி.மீ. காடி இருக்கும், உங்கள் முன்டயர்களில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பல நாடுகளில் 1.6 மி.மீ. வரை சட்டம் அனுமதிக்கிறது என்றாலும், கனமழையில் ஓட்டுபவர் 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

உலர்ந்த சாலைக்கோ இதற்கு நேர்மாறானது பொருந்தும். காடியே இல்லாத மொட்டை டயர் உலர்ந்த தளத்தில் மிக நன்றாகப் பிடிக்கும். பந்தயக் கார்கள் உலர்ந்த ஓடுதளத்தில் அதையே பயன்படுத்துகின்றன. காடிகளும் நுண்கீறல்களும் கூடக் கூட ரப்பர் கட்டைகள் சிறிதாகி, திருப்பத்தில் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கின்றன. இந்த முரண்பாட்டுக்குக் கிடைத்திருக்கும் நல்ல சமரசம், இடமும் வலமும் வேறுபட்ட அமைப்புடைய டயர். காரின் வெளிப்பக்கத்தை நோக்கிய ஓரத்தில் பெரிய, உறுதியான கட்டைகள் திருப்பத்தில் தாங்கிக்கொள்கின்றன. உள்பக்கத்தில் அகலமான காடிகள் தண்ணீரை வெளியேற்றுகின்றன. வி வடிவ டயரும் தண்ணீரை நன்றாகவே ஒதுக்கும். ஆனால் அம்புக்குறி காட்டும் திசையில்தான் சுழல வேண்டும் என்பதால், ரிம்மிலிருந்து கழற்றி மறுபடி பூட்டாமல் அதை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்ற முடியாது.

இரண்டில் எதற்கு முதலிடம் தருவது என்று கேட்டால், தயங்காமல் ஈரத்துக்குத் தாருங்கள் என்பேன். உலர்ந்த சாலையில் சரியான அளவுள்ள எந்த நல்ல டயரிலும் அன்றாட ஓட்டத்துக்குத் தேவையானதைவிட அதிகப் பிடிப்பு இருக்கிறது. டயர்களுக்கிடையே உள்ள இடைவெளி விரிவது ஈரத்தில்தான். ஒரு டயரின் ஈர உராய்வுக் கெழு (கூடினால் பிடிப்பும் கூடும்) 0.7, இன்னொன்றினுடையது 0.5 என்று எடுத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து முதலாவது ஏறத்தாழ 36 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது இன்னும் மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

கியர்பாக்ஸ்

அச்சாணி கூறியவற்றை ஏற்கிறேன். ஆனால் கடைக்காரர் சொன்ன 205 அகலத்தை அவர் தொடாமலே விட்டுவிட்டார். உலர்ந்த சாலைத் திருப்பங்களில் அகலமான டயர் உறுதியாக நிற்பதை நான் உணர்ந்திருக்கிறேன். 10 மி.மீ. கூடுதல் அகலத்தால் மழையில் அப்படி என்ன பெரிய கேடு வந்துவிடும்?

அச்சாணி

உலர்ந்த திருப்பத்தில் உறுதி கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் காற்றழுத்தம் மாறாதவரை, டயர் தரையைத் தொடும் பரப்பும் பெரிதாக மாறாது. அகலமான டயரில் அந்தப் பரப்பு குட்டையாகவும் அகலமாகவும், குறுகிய டயரில் நீளமாகவும் ஒடுக்கமாகவும் அமைகிறது. நீளமான பரப்பின் முன்பகுதி தண்ணீரை விலக்கிக் கொடுக்க, பின்பகுதிக்குச் சாலை கிடைக்கிறது. அகலமான பரப்போ அதிகத் தண்ணீரைச் சந்திக்கிறது, அதை விலக்க அதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. 10 மி.மீ. பெரிய கேடு இல்லைதான். ஆயினும் மழைக்காக டயர் மாற்ற வந்தவர் மழைக்கு எதிரான திசையில் ஏன் ஓர் அடி வைக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. 205/65 ஆர்15 டயரின் வெளிவிட்டம் 195/65 ஆர்15 டயரினதைவிட 13 மி.மீ., அதாவது 2 விழுக்காடு கூடுதல். அந்த அளவுக்கு ஸ்பீடோமீட்டர் முன்பைவிடக் குறைத்துக் காட்டும். அளவை மாற்றியே ஆக வேண்டுமென்றால், காரின் கையேட்டில் தயாரிப்பாளர் அனுமதித்துள்ள அளவுகளுக்குள் மாற்றுங்கள். எடைக்குறியீடு 91 என்பது ஒரு டயருக்கு 615 கிலோ, எச் என்பது மணிக்கு 210 கி.மீ.; இவற்றுக்குக் கீழே போகாதீர்கள்.

அகலத்தைவிடக் காற்றழுத்தத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். நாசா ஆய்வாளர் வால்டர் ஹார்ன் 1960களில் விமான டயர்களை ஆராய்ந்து, டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார். அவருடைய சூத்திரப்படி 33 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 96 கி.மீ.; 25 பி.எஸ்.ஐ. ஆனால் 83 கி.மீ. கார் டயருக்கு இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் நீளத்தோடு ஒப்பிடும்போது அதன் தொடுபரப்பு விமான டயரினதைவிட அகலமானது. காடி ஆழத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் பொறுத்து மிதக்கும் வேகம் கூடலாம், குறையலாம். ஆனால் காற்று குறைந்தால் மிதப்பு முந்திக்கொள்ளும் என்பது காருக்கும் பொருந்தும்.

ஈரச்சாலை

நண்பர் சொன்ன தேய்மான எண்ணைப் பற்றி. அது அமெரிக்கத் தர முறையில் வருவது. டயரின் பக்கச்சுவரில் 400, 500 என்பது போல அச்சாகியிருக்கும். ஓர் ஒப்பீட்டு டயரை 100 என்று கொண்டு அதோடு ஒப்பிட்டுத் தயாரிப்பாளரே இந்த எண்ணை இடுகிறார். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். வெவ்வேறு நிறுவனங்களுக்கிடையே ஒப்பிடும்போது அதை அவ்வளவாக நம்ப முடியாது. எப்படியிருந்தாலும் அது ஆயுளைச் சொல்லுமே தவிரப் பிடிப்பைச் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். பிடிப்புக்கான தரம் அதுதான். ஆனால் நனைந்த தார்த்தளத்திலும் கான்கிரீட் தளத்திலும் நேர்கோட்டில் பிரேக் பிடித்துப் பார்த்து இடப்படும் எழுத்து அது. திருப்பத்தில் எப்படிப் பிடிக்கும், உலர்ந்த சாலையில் எப்படி, தேங்கிய நீரில் எப்படி என்பவற்றை அது கூறுவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிள் உங்களுக்கு இன்னும் பயன்படும். 2021 மே முதல் நடைமுறையிலுள்ள வடிவத்தில் எரிபொருள் சிக்கனத்துக்கும் ஈரப் பிடிப்புக்கும் தனித்தனியாக ஏ முதல் ஈ வரை தரம் உண்டு. வெளிச் சத்தத்தின் அளவும் இருக்கும். ஈரப் பிடிப்பில் ஏ அல்லது பி உள்ளவற்றுக்குள் தேடுங்கள். இங்கும் ஓர் எல்லை உண்டு: அந்தச் சோதனை புதிய டயரைக் கொண்டு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீர்ப்படலத்தில் நடத்தப்படுகிறது. பாதி தேய்ந்தபின் அந்த டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும், ஆழமான தண்ணீரில் எப்போது மிதக்கும் என்பதற்கும் அதில் விடை இல்லை. உலர் பிடிப்புக்கு லேபிளில் இடமே இல்லை. இந்தக் குறைகளை ஈடுகட்ட, கார் இதழ்களும் வாகன ஓட்டிகள் சங்கங்களும் வெளியிடும் ஒப்பீட்டுச் சோதனைகளில் உங்கள் அளவுக்கு அல்லது அதற்கு அடுத்த அளவுக்கு உள்ள முடிவுகளைத் தேடிப் படியுங்கள்.

பணம் கொடுக்கும் முன் பக்கச்சுவரில் உள்ள டாட் (DOT) என்ற குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 3524 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் தயாரானது. நாள்பட்ட ரப்பர் இறுகிப்போகும் என்பதால், எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் கிடங்கில் பல ஆண்டுகள் கிடந்ததை நான் வாங்கமாட்டேன்.

நிதானி

முன்டயர்களை மட்டும் மாற்றுவதைப் பற்றி யாரும் கூறவில்லையே. இரண்டு மட்டும் வாங்கினால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். இப்போது பின்னால் இருக்கும் 5 மி.மீ. டயர்களை முன்னால் கொண்டுவாருங்கள். இழுப்பது முன்சக்கரம் என்பதால் இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் மழையில் முன்டயர் பிடி விட்டால் கார் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பின்டயர் பிடி விட்டாலோ காரின் பின்பகுதி வீசிக்கொண்டு சுழலும், அதைச் சாதாரண ஓட்டுநரால் அடக்குவது கடினம். நான்கையும் ஒரே வகையாக மாற்ற முடிந்தால் அதைவிடச் சிறப்பு. ஓர் அச்சில் இரண்டு வகை டயர்களைக் கலக்கவே வேண்டாம்.

வழிப்போக்கன்

அனைவருக்கும் நன்றி. அளவை மாற்றாமல், ஈரப் பிடிப்பில் ஏ தரமுள்ள, இருபுறமும் வேறுபட்ட அமைப்புடைய டயர்களையே நான்கு சக்கரங்களுக்கும் வாங்குவதென்று முடிவு செய்துள்ளேன். ஒரே ஓர் ஐயம். இந்த அமைப்பில் கோடைக்கால டயர், அனைத்துப் பருவ டயர் என்று இரண்டு வகை கிடைக்கின்றன. மழைக்கு இரண்டாவதுதானே பொருத்தம்?

அச்சாணி

பெயரைப் பார்த்துப் பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். கோடைக்கால டயர் என்பது வெயிலுக்கு மட்டுமானதன்று. வெப்பமான காலநிலைக்குரிய கலவையால் ஆனது, மழை அதில் அடங்கும். வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே நீண்ட நாட்கள் போனாலோ பனி பெய்தாலோ தான் அதன் கலவை விறைத்துப் பிடிப்பை இழக்கும். அனைத்துப் பருவ டயர் பனியையும் சமாளிக்க வேண்டியிருப்பதால் அதன் கலவை மென்மையாகவும் நுண்கீறல்கள் மிகுதியாகவும் இருக்கும். வெப்பமான நாளில் ஈரத்திலும் உலர்விலும் நல்ல கோடைக்கால டயருக்கு அது பொதுவாகச் சற்றுப் பின்தங்கும். நீங்கள் ஓட்டும் இடத்தில் கடுங்குளிர் இல்லையென்றால் கோடைக்கால வகையையே எடுங்கள்.

பூட்டும்போது வெளிப்பக்கக் குறி வெளியே தெரிகிறதா என்று நான்கு சக்கரங்களிலும் சரிபார்த்துவிட்டு, பேலன்சிங்கும் அலைன்மென்டும் செய்துகொள்ளுங்கள். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள ஒட்டியில் குறிப்பிட்டபடி வையுங்கள். பக்கச்சுவரில் அச்சாகியிருப்பது உச்ச வரம்பு, அதை நிரப்பச் சொன்னால் இசையாதீர்கள். தொழிற்சாலையின் வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசப்பட்ட பொருளின் எச்சம் புதிய டயரின் மேல் இருக்கக்கூடும் என்பதால், முதல் சில நூறு கிலோமீட்டர் வரை திடீர் பிரேக்கையும் கடுமையான திருப்பங்களையும் தவிருங்கள். அந்த நாட்களில் மழை பெய்தால் முன்னே செல்லும் வண்டிக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடுங்கள்.