ராடர் டிடெக்டருக்கு நேர் வயர் இழுத்து, பற்றறி இறங்கின கதை

கிளிநொச்சிக் கார்க்காரன்

அத்தான் கனடாவிலிருந்து வந்தபோது சொக்லேட்டுக்கும் ஷாம்பு போத்தலுக்கும் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியையும் கொண்டுவந்தார். ராடர் டிடெக்டர், பொலிஸின் ஸ்பீட் கன் அலையைப் பிடித்து ஓட்டுநருக்குக் கத்திக் காட்டுகிற சாமான். அல்பேர்ட்டாவில் வேலை செய்த காலத்தில் வாங்கினாராம். பிறகு டொரொன்டோவுக்கு மாறிவிட்டார். ஒன்ராறியோ மாகாணத்தில் அதை வாகனத்தில் வைத்திருந்தாலே பொலிஸ் பறித்துக்கொண்டு தண்டமும் எழுதும். “சும்மா லாச்சிக்குள்ள கிடக்குது. நீ ஏ9 வீதியில ஓடித் திரியிறனீதானே, வைச்சிரு” என்றார்.

முதல் ஒரு கிழமை சிகரெட் லைட்டர் ஓட்டைக்குள் சொருகித்தான் ஓடினேன். சுருள் வயர் கியருக்குக் குறுக்கே தொங்கும். போன் சார்ஜ் போட வேண்டுமென்றால் இதைக் கழற்ற வேண்டும். சரி, நேராக வயர் இழுத்துவிடுவோம் என்று ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நானே இறங்கினேன். வீட்டு வயரிங் கொஞ்சம் தெரியும் என்ற துணிச்சல்தான்.

பெட்டி ஒட்டியிருந்தது முன் கண்ணாடியில். அதற்குக் கிட்ட மின்சாரம் எங்கே என்று பார்த்தால் மேலே கூரை விளக்கு. கவரைக் கழற்றி, அதன் வயரைச் சீவி, இதை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி மூடிவிட்டேன். இருபது நிமிட வேலை. பெட்டி பளிச்சென்று எரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ அடுப்பில் கறி இருக்கிறது என்று போய்விட்டா.

மறுநாள் வெள்ளி. வற்றாப்பளைப் பொங்கலுக்கென்று சொந்தக்காரர் எல்லோருமாக வான் பிடித்து முல்லைத்தீவுக்குப் போனோம். கார் வீட்டில் மாமரத்துக்குக் கீழே நின்றது. திங்கள் பொங்கல் முடிந்து செவ்வாய் இரவுதான் திரும்பினோம். புதன் காலை மாமியை வவுனியாவுக்குக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். மாமி ஐந்து மணிக்கே கிளினிக் கொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக முன் சீற்றில் ஏறி இருந்துவிட்டா. திறப்பைத் திருப்பினேன். டிக் டிக் டிக். அவ்வளவுதான்.

அந்த இருட்டில் ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அத்தானின் பெட்டியில் ஊசிமுனை மாதிரி ஒரு சிவப்பு லைட், மங்கி மங்கி. “அது ஏன் தம்பி எரியுது?” என்று மாமிதான் கேட்டா.

கார் ஓட்டோ கியர், தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்லை. பக்கத்து வீட்டு அண்ணை ட்ராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, வயர் கொழுவி உசுப்பிவிட்டார்.

கணக்குப் பார்த்தால் பிழை முழுக்க என்னுடையது. கூரை விளக்குக்குத் திறப்பைக் கழற்றினாலும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். இல்லாவிட்டால் கதவைத் திறக்க எப்படி எரியும்? பெட்டி இழுப்பது கால் அம்பியர் அளவுதான். ஆனால் 24 மணித்தியாலமும் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 அம்பியர்-மணி. என் காரின் பற்றறியே 35. வியாழன் பின்னேரத்திலிருந்து புதன் காலை வரை ஐந்து நாளுக்கு மேல், 30க்கு மேல் போய்விட்டது. மிச்சத்தை வைத்து ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றும்?

அன்று பின்னேரமே பரந்தன் பக்கத்தில் வாகன வயரிங் செய்யும் ஐயா ஒருவரிடம் போனேன். தொண்ணூறுகளில், டோர்ச் பற்றறிக்கே தடை இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி ரேடியோ கேட்டுத் தொழில் பழகினவர். கூரை விளக்குக் கவரைக் கழற்றி என் முறுக்கலைப் பார்த்தார். வெயிலில் டேப்பின் பசை உருகி வயரில் பாகு மாதிரி வடிந்திருந்தது. விரலில் தொட்டு எனக்கே காட்டினார்.

“உதை எங்கையிருந்து எடுத்தனீர்? பியூஸ் எங்க?”

“கூரை லைட்டுக்கு ஒரு பியூஸ் இருக்குத்தானே ஐயா...”

“அது அந்த வயருக்கு. உம்மட நூல் வயருக்கு ஆர் காவல்?”

பிறகுதான் விளங்கியது. பியூஸ் காப்பது பெட்டியை அல்ல, வயரை. 15 அம்பியர் பியூஸுக்குப் பின்னால் நூல் தடிப்பில் ஒரு வயரைக் கொழுவினால், அது எங்காவது தகரத்தில் உரசி ஷோர்ட்டானாலும் பியூஸ் போகும் முன்னர் வயர் தணலாகிவிடும்.

அவர் செய்த விதம் இது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பியூஸ் பெட்டியைத் திறந்து, டெஸ்ட் லாம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டார். திறப்புப் போட்டால் எரிந்து, கழற்றினால் அணைகிற இடம்தான் வேண்டும். லைட்டர் ஓட்டையின் நீல நிற 15 அம்பியர் பியூஸ் அகப்பட்டது. அதைக் கழற்றிவிட்டு, இரண்டு பியூஸ் குத்துகிற ஒரு கவட்டைத் துண்டை அந்த இடத்தில் வைத்தார். கீழ்த்தட்டில் பழைய நீலம், மேல்தட்டில் பெட்டிக்கென்று 2 அம்பியர். எந்தக் காலில் மின்சாரம் வருகிறது என்று பார்த்துத்தான் அந்தத் துண்டைக் குத்த வேண்டுமாம். மாறிக் குத்தினாலும் வேலை செய்யும், ஆனால் புது வயரின் சுமையும் பழைய பியூஸ் வழியாகவே போகும்.

ஏர்த்துக்கு நான் பிளாஸ்டிக் பக்கத்து ஆணி ஒன்றைக் காட்டினேன். சிரித்துவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே காரின் தகர உடம்போடு இறுகிய போல்ட்டைக் கழற்றி, பெயின்றை உப்புத்தாளால் தேய்த்து, வளையம் போட்டு முறுக்கினார். கண்ணாடி ஓரத் தூணுக்குள் வயரை விடும்போது மட்டும் நேரம் எடுத்தார். அதற்குள் எயார்பாக் மடிந்து கிடக்கிறது. வயர் அதற்கு முன்னால் போகக் கூடாது, பின்னால்தான் போக வேண்டும். மஞ்சள் நிறக் கொழுவி எதைக் கண்டாலும் கை வைக்காதே, அது எயார்பாக்கினுடையது என்றார்.

இனிப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வவுனியாவில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுள்ள கடை ஒன்றைக் கடந்தால் கத்தும். புது மொடல் ஜீப் ஏதாவது முந்திப் போனாலும் கத்தும். பக்கவாட்டில் வாகனம் வருகிறதா என்று பார்க்க அவற்றின் பின் பம்பருக்குள் 24 கிகாஹேர்ட்ஸ் ராடர் இருக்கிறது. கே பாண்ட் என்கிற அலைவரிசையில் வேலை செய்யும் பொலிஸ் ஸ்பீட் கன்னும் அதே வரிசைதான், பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஓமந்தை தாண்டி மர நிழலில் கன்னோடு நின்ற பொலிஸ்காரரைக் கண்டு அது ஒருமுறைகூட மூச்சு விடவில்லை. லேசர் கன் என்றால் ஒரே கோடாக உங்கள் நம்பர் பிளேட்டில் குத்தும். பெட்டி கத்தினாலும், கத்தும்போது உங்கள் வேகத்தை எடுத்து முடிந்திருக்கும். எதிரில் வருகிற பஸ்காரர் லைட் அடித்துக் காட்டுவது இதைவிட நம்பகம்.

அதைவிட, கனகராயன்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் இரவில் நடுவீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளுக்கு எந்த ராடரும் கத்தாது. கறுத்த மாடு, கறுத்த தார். 70க்கு மேலே போகாமல் இருக்க எனக்கு அது ஒன்றே காணும். பெட்டியைக் கழற்றிவிட்டு அதே வயரில் டாஷ் கமரா போட்டுவிட்டேன்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்

அண்ணை, கமராவை அந்த 12 வோல்ட்டில் நேராகவா கொழுவினீர்கள்? நான் அப்படித்தான் செய்தேன். டிடெக்டர் 12இல் ஓடும், கமரா பெரும்பாலும் 5 வோல்ட். லைட்டர் ஓட்டைக்குள் போகும் அந்தத் தடித்த பிளக்குக்குள்தான் 12ஐ 5 ஆக்கும் சாமான் இருக்கிறது. அது தெரியாமல் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வயரைக் கொழுவினேன். ஒரு புகை, ஒரு மணம், கமரா முடிந்தது. மூன்றாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் பதினெட்டாயிரம்.

பூநகரி வான்

கமராவுக்கென்று விற்கிற மூன்று வயர் கிட் வாங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள இடத்துக்கு, சிவப்பு திறப்புப் போட்டால் வரும் இடத்துக்கு, கறுப்பு ஏர்த். பற்றறி 12 வோல்ட் அளவுக்கு இறங்கினால் தானாக வெட்டிவிடும். ஆனால் நான் சிவப்பையும் மஞ்சளையும் மாற்றிக் கொழுவி, வாகனம் நின்றால் கமராவும் நின்றுவிடுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டையும் மாற்றிக் கொழுவித் தந்தார். வெட்கம்.

இன்னொன்று. இங்கே மதியத்தில் மூடின வானுக்குள் கை வைக்கேலாத சூடு. உள்ளே லிதியம் பற்றறி உள்ள கமரா எனக்கு இட்லி மாதிரி ஊதிவிட்டது. பற்றறிக்குப் பதில் கெப்பாசிற்றர் உள்ள வகை எடுங்கள்.

ஒட்டுசுட்டான் ஓட்டோ

ஓட்டோக்காரர் எங்களுக்கு வேக எல்லை 40தான். பின்னால் வரும் மாடே எங்களை முந்தும், ராடர் எதற்கு?

ஆனால் வயர் விசயம் உண்மை. பாட்டுப் பெட்டிக்கு ஹெட்லைட் வயரிலிருந்து எடுத்திருந்தேன். ஹோர்ன் அடித்தால் பாட்டு நிற்கும், பிரேக் பிடித்தால் இரையும். ஏர்த் லூஸ். ஒரு நட்டை இறுக்கினதும் எல்லாம் சரி.

புளியங்குளம்

நெல்லு மூட்டை ஏற்றுகிற ஆட்கள் எலியையும் கணக்கில் எடுங்கள். புது வயரை வளைகுழாய்க்குள் விடாமல் இழுத்தேன், ஒரு மாதத்தில் மூன்று இடத்தில் கடி.

கிளிநொச்சிக் கார்க்காரன்

மாங்குளத்தான், நல்ல வேளை ஐயா 5 வோல்ட் மாற்றி ஒன்றைப் போட்டுத்தான் தந்தவர். எலி விசயம் எனக்குத் தோன்றவே இல்லை, இன்றைக்கே பொனற்றைத் திறந்து பார்க்கிறேன்.

மாமிக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்து இப்போது நல்ல பார்வை. காரில் ஏறினால் முதலில் எங்காவது சிவப்பு லைட் எரிகிறதா என்றுதான் பார்க்கிறா. பெட்டி திரும்பவும் லாச்சிக்குள், இந்த முறை என் வீட்டு லாச்சி. அத்தான் கிழமைக்கொருமுறை போனில் கேட்கிறார். நல்லா வேலை செய்யுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.