முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தபோது: எங்கள் அனுபவங்கள்

தஞ்சாவூர் உறுப்பினர்:

என் அப்பாவுக்கு வயது 74. இரண்டு ஆண்டுகளாகப் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். திரும்புவதற்கே நாலைந்து சிற்றடிகள் தேவைப்பட்டன. பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போயிற்று, பேச்சிலும் மந்தம் தெரிந்தது. பார்க்கின்சன் நோய் என்று கருதி ஓராண்டு மாத்திரை கொடுத்தும் நடையில் மாற்றம் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் மூளையின் உள்ளறைகள் விரிந்திருப்பது தெரிந்தது. மூளையின் உள்ளறைகளை நிறைத்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரின் அழுத்தம் பெரிதாக உயராமலேயே உள்ளறைகள் விரியும் இந்த நோயைக் கொலம்பிய நாட்டு நரம்பு அறுவை மருத்துவர் சாலமோன் ஹாகிம் 1965-இல் விவரித்தார் என்று மருத்துவர் கூறினார்.

உறுதிப்படுத்துவதற்கு, முதுகில் ஊசி செலுத்தி அந்த நீரில் 30 முதல் 50 மில்லியை எடுத்துவிட்டு நடை சீராகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். சித்தப்பா ஒரேயடியாக மறுத்தார். முதுகில் ஊசி போட்டவருக்குக் கால் விளங்காமல் போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் ஊறிப்போன அச்சம். மருத்துவர் கோபப்படாமல் ஒரு தாளில் முதுகெலும்பை வரைந்து காட்டினார். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் அல்லது அதற்கு அடுத்த இடைவெளியில். அங்கே நீருக்குள் தொங்குபவை நரம்பு வேர்கள் மட்டுமே, அவை ஊசிக்கு விலகிக் கொடுக்கும். அவ்வளவு நீரை எடுத்தால் வற்றிவிடாதா என்று சித்தப்பா கேட்டார். உள்ளே இருப்பது ஏறத்தாழ 150 மில்லி என்றாலும் நாளொன்றுக்கு 500 மில்லி அளவுக்குப் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தத் தாளை நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

ஊசிக்கு முன் 10 மீட்டர் நடக்க அப்பாவுக்கு 27 விநாடிகள் ஆயின. மூன்று மணி நேரம் கழித்து அதே நடைக்கூடத்தில் 16 விநாடிகளில் நடந்தார். கடிகாரத்தைப் பிடித்திருந்த சித்தப்பா ஒன்றும் பேசவில்லை; அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை நடக்கச் சொன்னார்.

அடுத்த மாதம் மூளையின் உள்ளறையிலிருந்து காதுக்குப் பின்புறமாகத் தோலுக்கடியில் வயிறு வரை சென்று மிகுதி நீரை வடிக்கும் ஷண்ட் குழாயைப் பொருத்தினார்கள். அதிலுள்ள வால்வின் அளவை வெளியிலிருந்தே காந்தக் கருவியால் மாற்றலாம். ஆதலால் எம்.ஆர்.ஐ. எடுக்க நேரும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, எடுத்த பின்பு வால்வைச் சரிபார்த்துக்கொள்கிறோம். நடை நன்றாகத் தேறியிருக்கிறது. நினைவு அந்த அளவுக்குத் தேறவில்லை.

திண்டுக்கல் உறுப்பினர்:

அக்கா, நீங்கள் எழுதிய அந்த அச்சத்தால் நாங்கள் இழந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு வயது மகனுக்குக் கடும் காய்ச்சல், வாந்தி. கழுத்தை முன்னால் வளைக்க முடியவில்லை. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் உடனே கூறினார். மாமியார் அழுதார், ஊரிலிருந்து பெரியவர்கள் வரட்டும் என்றார்கள். நாங்கள் கையெழுத்துப் போட ஆறு மணி நேரம் ஆயிற்று. மருத்துவர் எங்களுக்காகக் காத்திராமல் இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளை இரத்தக் குழாய் வழியே தொடங்கியிருந்தார், அதனால்தான் பிள்ளை பிழைத்தான். ஆனால் பிறகு எடுத்த நீர் கலங்கலாக இருந்தும், அதில் சர்க்கரை குறைந்து புரதம் கூடியிருந்தும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் எதுவும் வளரவில்லை. மருந்து சில மணி நேரத்திலேயே நீரிலுள்ள கிருமியை அழித்துவிடுமாம். எந்தக் கிருமி என்று தெரிந்திருந்தால் அதற்கு மட்டும் உரிய மருந்தைக் கொடுத்திருக்கலாம். தெரியாததால் இரண்டு மருந்துகளையும் இறுதிவரை தொடர வேண்டியதாயிற்று.

ஊசி போட்ட நேரம் சில நிமிடங்கள்தாம். செவிலியர் அவனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்கால் வயிற்றைத் தொடும்படி சுருட்டிப் பிடித்துக்கொண்டார். வீடு திரும்பும் முன் செவித்திறனைச் சோதித்தார்கள். இந்த நோய்க்குப் பின் அந்தச் சோதனையைத் தவற விடாதீர்கள்.

கோயம்புத்தூர் உறுப்பினர்:

எனக்கு நேர்ந்தது பின்விளைவு. நீர் எடுத்த மறுநாள் உட்கார்ந்தால் பின்மண்டை பிளப்பதுபோல் வலித்தது, படுத்தால் சில நிமிடங்களில் அடங்கியது. அந்த நீரைச் சூழ்ந்திருக்கும் உறையில் ஊசி துளைத்த இடத்தின் வழியே நீர் கசிவதால் வரும் தலைவலி இது. முனை மழுங்கிய மெல்லிய ஊசியைப் பயன்படுத்தினால் இதற்கான வாய்ப்புக் குறைவு என்பதை முன்பே அறிந்திருந்தால் கேட்டிருப்பேன். ஐந்து நாள் பொறுத்தும் தீராததால், என் கையிலிருந்தே 20 மில்லி இரத்தம் எடுத்து முதுகில் அந்த உறைக்கு வெளியே செலுத்தினார்கள். அது உறைந்து கசிவை அடைத்துவிடுகிறது. அன்று மாலை எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.